முட்டையா, இறகா? மரான் கோழி வளர்ப்பில் ஒரு தீர்ப்பு

பிரான்சின் மேற்குக் கரையில், லா ரொஷேல் துறைமுகத்துக்கு வடகிழக்கே, சதுப்பு நிலங்களுக்கு நடுவில் மரான் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய கோழி இனத்தை உலகம் அறிந்தது அதன் முட்டையால்தான். சாக்லேட் நிறம் என்று சொல்லத்தக்க கரும்பழுப்பு ஓடு வேறு மிகச் சில இனங்களுக்கே உண்டு. இயான் ஃபிளெமிங் 1957-ல் வெளியிட்ட நாவலில் ஜேம்ஸ் பாண்டின் காலை உணவுத் தட்டில் இருப்பதும் மரான் முட்டைதான். ஆனால் கோழிக் கண்காட்சியில் இந்த இனத்துக்குப் பரிசு வழங்கும் நடுவர் கூண்டுக்குள் பார்ப்பது கோழியை மட்டும். கொண்டை, கண், கழுத்து இறகு, கால் இறகு, உடற்கட்டு எல்லாவற்றுக்கும் அவர் மதிப்பெண் போடுகிறார். எந்த முட்டைக்காக இந்த இனம் பேசப்படுகிறதோ அது அவர் கண்முன் இல்லை.

மரான் வளர்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது இதனால்தான். முட்டை கறுத்திருந்தால் போதும், கொண்டை எப்படி இருந்தால் என்ன என்கிறது ஒரு கட்சி. தரவரையறைக்கு ஒத்து வராத பறவையை மரான் என்றே சொல்லக் கூடாது என்கிறது மற்றொன்று. குஞ்சும் அடைமுட்டையும் விற்பவர்கள் இரண்டும் தம்மிடம் ஒருங்கே கிடைக்கும் என்கிறார்கள். ஒரே மந்தையில் இரண்டையும் கட்டிக் காக்க முடியுமா, முடியாதபோது எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே கேள்வி. இதை எடைபோட நான்கு அளவுகோல்கள் வேண்டும்: இனத்தை இனமாக்குவது எது, எதை நம்பகமாக அளக்க முடியும், ஒன்றோடு இன்னொன்றைச் சேர்ப்பதால் யாருக்கு எவ்வளவு இழப்பு, தொலைந்தால் எதை மீட்பது கடினம்.

முதல் அளவுகோலுக்கு இனத்தின் வரலாறே சாட்சி. உள்ளூர்ச் சதுப்பு நிலக் கோழிகளோடு, கப்பல்களில் வந்த சண்டைச் சேவல்கள் கலந்தன. பிறகு சீனாவிலிருந்து இங்கிலாந்து வழியாக வந்த லாங்ஷான் கோழியின் இரத்தம் சேர்ந்தது. காலில் இறகும் பழுப்பு முட்டையும் உடையது லாங்ஷான். ஆக, மரானின் கால் இறகும் முட்டை நிறமும் பெரும்பாலும் ஒரே மூதாதையின் கொடை. பிரெஞ்சுத் தரவரையறை 1931-ல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1929-ல் பாரிஸ் கண்காட்சியில் இந்த முட்டைகளைக் கண்ட கிரீன்வே பிரபு, அடைமுட்டைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு போய்விட்டார். அங்கே வளர்ந்த மரானுக்குக் கால் இறகு கூடாது என்று ஆங்கிலேயர் விதி செய்தார்கள். பிரான்சில் கால் இறகு கட்டாயம். 2011-ல் கருஞ்செம்பு வகையை ஏற்றுக்கொண்ட அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் பிரெஞ்சு வழியைப் பின்பற்றியது.

ஒரே பெயர், கடலுக்கு இந்தப் பக்கம் குறையாகக் கருதப்படுவது அந்தப் பக்கம் தகுதி. தரவரையறைகளின் எதேச்சைத் தன்மைக்கு இன்னொரு சான்றும் உண்டு. ஸ்பெயினில் கத்தலோனியாவின் பெனெடெஸ் பகுதியைச் சேர்ந்த பெனெடெசென்கா கோழியும் கரும்பழுப்பு முட்டையே இடுகிறது. அதன் கொண்டையின் பின்புறம் பல கிளைகளாகப் பிரிந்து, கார்னேஷன் பூவின் பெயரால் அழைக்கப்படுகிறது. அங்கே அதுதான் இலக்கணம். மரானின் கொண்டையில் பக்கவாட்டில் ஒரே ஒரு முளை தலைகாட்டினாலும் பறவை தள்ளுபடி. பெனெடெசென்காவுக்கு வெள்ளைக் காது மடல் அடையாளம். மரானின் காது மடலில் வெள்ளை தெரிந்தால் களங்கம். மரான் சங்கங்கள் எத்தனை விதமாகச் சட்டம் எழுதினாலும் எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்பது ஓட்டின் நிறம் மட்டுமே. பிரெஞ்சு மரான் சங்கம் முட்டை நிறத்துக்கு ஒன்று முதல் ஒன்பது வரை படிகள் கொண்ட அட்டை வைத்திருக்கிறது. நான்குக்குக் கீழே இருப்பதை அது மரான் முட்டையாகவே ஏற்பதில்லை. முதல் அளவுகோலில் முட்டைக் கட்சிக்கே வெற்றி.

ஆனால் இரண்டாவது அளவுகோலில் அதே கட்சி தடுமாறுகிறது. முட்டை நிறத்தை அளப்பது பார்ப்பதைப் போல எளிதல்ல. பழுப்பு நிறத்தைத் தருவது புரோட்டோபார்ஃபிரின் என்னும் நிறமி. இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் உருவாவதற்கு முந்தைய படியில் இருக்கும் பொருள். உருவாகும் முட்டை, ஓட்டுச் சுரப்பியில் ஏறத்தாழ இருபது மணி நேரம் தங்குகிறது. நிறமியின் பெரும்பகுதி கடைசிச் சில மணி நேரத்தில்தான் படிகிறது. எனவே ஓடு முழுக்க ஊறிய நிறமல்ல இது. வெள்ளைச் சுவரின் மேல் கடைசியாக அடித்த வண்ணப் பூச்சு. எவ்வளவு கறுத்த மரான் முட்டையையும் உடைத்துப் பார்த்தால் உட்புறம் வெளிறித்தான் இருக்கும். அப்போதுதான் இட்ட ஈர முட்டையைத் தேய்த்தால் நிறம் விரலோடு வந்துவிடும்.

பூச்சு கடைசியில் விழுகிறது என்பதால் அதைக் கெடுக்கும் காரணங்களும் பல. கோழி மிரண்டால் நிறம் வெளுக்கும். மூச்சுக்குழல் அழற்சி என்னும் தொற்று நோய் வந்து போன மந்தையில் ஓடு வெளுக்கும். கடும் வெயிலிலும் அப்படியே. பருவம் முன்னேற முன்னேற முட்டை பெரிதாகிறது, அதே அளவு நிறமி அதிகப் பரப்பில் பரவ வேண்டியிருக்கிறது. ஆகவே முதல் சில வாரங்களின் முட்டைதான் மிகக் கறுப்பு. எல்லாவற்றையும் விட முக்கியமானது, குறைவாக முட்டையிடும் கோழிக்கு ஒவ்வொரு முட்டைக்கும் கூடுதல் நிறமி கிடைக்கிறது. வாரத்துக்கு இரண்டு முட்டையிடும் கோழி எட்டாம் படி நிறம் தருவதும், ஐந்து முட்டையிடும் கோழி ஆறாம் படி தருவதும் ஒரே தகுதியல்ல. உண்மையில் இரண்டாவது கோழியே மேலானதாக இருக்கக்கூடும். எண்ணிக்கையைப் பாராமல் நிறத்தை மட்டும் பார்த்துப் பொறுக்குபவர், தம்மை அறியாமலே மந்த முட்டைக் கோழிகளைப் பெருக்குகிறார். பருவத் தொடக்கத்து முட்டையை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அடைமுட்டை விற்பவருக்கு இந்த வாதம் உவப்பாக இருக்காது.

ஆகவே, "கறுத்த முட்டை" என்ற சொல்லுக்குப் பொருள் வர மூன்று தகவல்கள் கூடவே வர வேண்டும்: எந்த மாதத்து முட்டை, என்ன எடை, அந்தக் கோழி வாரத்துக்கு எத்தனை இடுகிறது. இதற்குக் கதவு தானாக விழும் முட்டைக் கூடு வேண்டும். உள்ளே போன கோழியை ஆள் வந்து விடுவிக்கும் வரை அது வெளியே வர முடியாது. எந்த முட்டை யாருடையது என்று தெரிந்துவிடும். முட்டையிடும் நேரத்தில் வீட்டில் ஆள் இருந்தாக வேண்டிய வேலை இது. பத்துக் கோழி சேர்ந்து இட்ட கூடையில் மேலே கிடக்கும் கறுத்த முட்டையை எடுத்துக் காட்டுவது சான்றாகாது.

சேவல் விஷயம் இன்னும் சிக்கல். மந்தையின் மரபணுவில் பாதி சேவலுடையது. ஆனால் சேவல் முட்டையிடாது. கறுத்த முட்டையிலிருந்து பொரிந்த சேவல் என்று பெருமை பேசுவது பாதி உண்மை. ஓட்டைச் செய்தது தாய். ஆகவே அந்த ஓடு சொல்வது தாயின் திறனைத்தான், குஞ்சு பெற்ற பங்கை அல்ல. தந்தை வழி என்ன வந்தது என்பது பற்றி அதில் ஒரு சேதியும் இல்லை. சேவலை எடைபோட இரண்டே வழிகள். உடன்பிறந்த விடைக்கோழிகள் முட்டையிடும் வரை காத்திருந்து அவற்றின் சராசரியைப் பார்க்கலாம். அல்லது அதன் மகள்கள் முட்டையிடும் வரை இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்கலாம். ஓட்டின் நிறம் கணிசமாகப் பரம்பரையில் இறங்கும் பண்பு. எனவே பதிவேடு வைத்திருப்பவருக்கு உழைப்பு வீணாகாது. இல்லாதவர் குருட்டுத்தனமாகத் தேர்வு செய்கிறார்.

இறகுக் கட்சிக்கு இந்தத் தொல்லை இல்லை. குஞ்சின் காலில் தூவி இருக்கிறதா என்பது பொரித்த அன்றே தெரியும். கொண்டையின் பக்க முளை சில வாரங்களில் தெரியும். கழுத்தின் செம்பு நிறமும் மார்பின் கறுப்பும் ஐந்தாறு மாதத்தில் தேறும். சேவலையும் பெட்டையையும் நேரடியாகப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். அளவிடும் எளிமையில் இறகு முன்னே நிற்கிறது. ஆபத்தும் இங்கேதான். எளிதாகத் தெரிவதை முதலில் கழிக்கும் வழக்கத்தால், முட்டை வரும் ஏழாம் மாதத்தில் கூட்டில் மிஞ்சியிருப்பவை இரண்டோ மூன்றோ விடைக்கோழிகள்தான். அவற்றில் முட்டை நிறத்துக்குத் தேர்வு என்று ஒன்று நடப்பதே இல்லை. வந்தது லாபம் என்று ஏற்றுக்கொள்வதே நடக்கிறது.

மூன்றாவது அளவுகோல் இழப்புக் கணக்கு. அறுபது குஞ்சு பொரித்தால் ஏறத்தாழ முப்பது பெட்டை. முட்டை நிறத்தில் முதல் பத்தில் ஒரு பங்கு என்றால் மூன்று கோழிகள். கண்காட்சித் தகுதியில் முதல் பத்தில் ஒரு பங்கும் மூன்று. இரண்டும் தனித்தனிப் பண்புகள் என்றால், இரண்டிலும் முதல் பங்கில் நிற்கும் கோழி நூற்றுக்கு ஒன்று. இந்த அளவு மந்தையில் மூன்று ஆண்டுக்கு ஒரு பெட்டை. இரண்டும் எம்மிடம் கிடைக்கும் என்ற விளம்பரத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் படிக்க வேண்டும்.

ஆனால் இழப்பு இரு கட்சிக்கும் சமமல்ல. அமெரிக்க மரபியலாளர்கள் ஹேசலும் லஷ்ஷும் 1942-ல் காட்டிய ஒரு கணக்கு இங்கே பயன்படும். சம முக்கியத்துவமுள்ள, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பண்புகளை மொத்த மதிப்பெண் போட்டு ஒரே சமயத்தில் தேர்ந்தால், ஒவ்வொரு பண்பிலும் கிடைக்கும் முன்னேற்றம் பண்புகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுபடும். கண்காட்சித் தகுதி ஒரு பண்பல்ல. கொண்டை, காது மடல், கண் நிறம், கழுத்து இறகு, மார்பு, கால் இறகு, உடற்கட்டு, எடை என்று எட்டாவது தேறும். எட்டுப் பண்புகளைத் தேர்பவருக்கு ஒவ்வொன்றிலும் கிடைப்பது தனித் தேர்வின் 35 விழுக்காடு. ஒன்பதாவதாக முட்டை நிறத்தைச் சேர்த்தால் அது 33 ஆகிறது. அவர் இழப்பது, முன்பு பெற்றுவந்த முன்னேற்றத்தில் ஆறு விழுக்காடு அளவே. மறுபுறம், முட்டை ஒன்றையே தேர்ந்து வந்தவர் எட்டு இறகுப் பண்புகளைச் சேர்த்தால் அவருடைய முன்னேற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும்.

எல்லாப் பண்பும் சம முக்கியம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்பது கணக்கின் வசதிக்காக வைத்துக்கொண்ட அனுமானம். பெட்டையில் மட்டும் தாமதமாகத் தெரியும் பண்புக்குத் தீவனச் செலவும் இடச் செலவும் கூடுதல் என்பதும் மெய். இவற்றைக் கழித்த பின்னும் ஏற்றத்தாழ்வு மறைவதில்லை. முட்டையைச் சேர்த்தால் இறகு கெட்டுவிடும் என்ற கண்காட்சிக்காரரின் சாக்கு கணக்கில் நிற்காது. முழுத் தரவரையறையையும் தம்மேல் சுமத்தாதீர்கள் என்ற முட்டைக்காரரின் முறையீட்டில் நியாயம் இருக்கிறது.

நான்காவது அளவுகோல் மீட்சி. கால் இறகு, கொண்டையின் பக்க முளை, உடலின் அடிப்படை நிறம் ஆகியவை சில பெரிய மரபணுக்களின் ஆளுகையில் இருப்பவை. தொலைந்தால் நல்ல சேவல் ஒன்றைக் கொண்டு வந்து சில தலைமுறைகளில் திருத்திவிடலாம். கரும்பழுப்பு நிறம் பல சிறு மரபணுக்களின் கூட்டு விளைவு. சாதாரண பழுப்பு முட்டைக் கோழியோடு ஒரு முறை கலந்தாலே நடுத்தர நிறத்துக்கு இறங்கிவிடும். மீண்டும் ஏற்றுவதற்குப் பல தலைமுறைப் பதிவேடு வேண்டும்.

நெதர்லாந்தின் பார்னவெல்டர் இதற்கு எச்சரிக்கை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்னவெல்ட் சந்தையின் கரும்பழுப்பு முட்டைக்கு இங்கிலாந்தில் பெரும் கிராக்கி. அப்போது அந்தக் கோழிகள் ஒரே நிறத்தில் கூட இல்லை. முட்டை மட்டும் ஒத்திருந்தது. 1921-ல் சங்கம், 1923-ல் தரவரையறை. பிறகு ஒவ்வொரு இறகிலும் இரட்டைக் கரை ஓடும் அழகான கோலம் இனத்தின் முகவரியாகிவிட்டது. அந்தக் கரை சேவலிலும் பெட்டையிலும் ஒருசேரச் சிறப்பாக வராததால், சிலர் சேவலுக்கு ஒரு வரிசை, பெட்டைக்கு ஒரு வரிசை என்று இனப்பெருக்கத்தையே இரண்டாகப் பிரித்தார்கள். தேர்வுக்குக் கிடைக்கும் குஞ்சுகள் அத்தோடு பாதியாகின்றன. இன்று பெரும்பாலான பார்னவெல்டர் இடும் முட்டை நல்ல பழுப்பு என்று சொல்லலாம். மரான் முட்டையின் பக்கத்தில் வைக்க முடியாது. வேறு இனக் கலப்புக்கும் இதில் பங்கு உண்டு, பழி முழுதும் கண்காட்சி மேல் போட முடியாது. ஆனால் பரிசுக் கூண்டில் முட்டைக்கு இடமிருந்திருந்தால் வெளுத்த முட்டைக் கோழி அவ்வளவு எளிதாக வென்றிருக்காது.

இத்தனைக்குப் பிறகு கண்காட்சியே வேண்டாம் என்று முடித்துவிடலாமா? கூடாது. தரவரையறை இல்லாத இடத்தில் மரான் என்ற பெயர் என்னவாகிறது என்பதற்குப் பெரிய குஞ்சு பொரிப்பகங்களின் சரக்கே சாட்சி: எடை குறைந்த உடல், கலந்த நிறம், நடுத்தரப் பழுப்பு முட்டை. சேவல் மூன்றரை முதல் நான்கு கிலோ வர வேண்டும், வால் கோணக் கூடாது, அலகு பிசகக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் அழகுக்கு மட்டும் உரியவையல்ல. உடல்நலத்துக்கும் இறைச்சிக்கும் உரியவை. மரான் முட்டைக்கும் இறைச்சிக்கும் சேர்த்து வளர்ந்த இனம். மேலும், வளர்ப்பவர்களை ஓரிடத்தில் கூட்டி, ஒருவர் பறவையை இன்னொருவர் பறவையோடு ஒப்பிடச் செய்வது கண்காட்சிதான். வீட்டுக்குள்ளேயே வளர்த்துக் கொண்டிருப்பவர் கண்ணுக்குத் தம் கோழி எப்போதும் நல்ல கோழிதான்.

முட்டைக் கட்சியின் பெருமையிலும் கொஞ்சம் காற்றை இறக்க வேண்டும். கரும்பழுப்பு ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சளும் வெள்ளையும் வெள்ளை ஓட்டுக்குள் இருப்பவற்றை விடச் சத்தானவை அல்ல. சத்தைத் தீர்மானிப்பது தீவனம். பழுப்பு ஓடு என்றாலே நாட்டு முட்டை என்று கூடுதல் விலை கொடுக்கும் நம் ஊர்ப் பழக்கமும் இதே மயக்கம்தான். ஆக, கறுத்த முட்டையும் ஓர் அலங்காரமே. அடையில் வைத்த முட்டையை வெளிச்சத்தில் காட்டிக் கரு பார்ப்பதும் இந்தக் கறுத்த ஓட்டில் சிரமம். எனவே ஒன்பதாம் படியைத் துரத்துவதற்கு அழகு தவிர வேறு நியாயம் இல்லை. முட்டை எண்ணிக்கையைப் பலி கொடுத்து அந்தப் படியை அடைவது தோல்வி.

ஆகவே என் தீர்ப்பு: முட்டை நிறம் மரானுக்கு நுழைவுத் தகுதி, இறகு அதற்குள் நடக்கும் போட்டி. பருவத்தின் நடுவில், வாரத்துக்கு நான்கு முட்டையாவது இடும் நிலையில், ஐந்தாம் படிக்குக் குறையாத நிறம் தரும் கோழி இனப்பெருக்கத்துக்குத் தகுதி பெறட்டும். அந்த வாசலைத் தாண்டியவற்றுள் கொண்டையும் கழுத்தும் காலும் பார்த்துச் சிறந்ததைப் பொறுக்கட்டும். உடன்பிறந்த பெட்டைகள் இந்த வாசலைத் தாண்டாத சேவல், எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும் அடைமுட்டைக்கு உதவாது. இளம் பருவத்தில் கழிக்க வேண்டியவை கோணல் வால், பிசகிய அலகு, கொண்டை முளை போன்ற தள்ளுபடிக் குறைகள் மட்டுமே. நுண்ணிய நிற வேறுபாடுகளுக்காகக் கழிப்பது முட்டை பார்த்த பிறகு.

ஹேசலும் லஷ்ஷும் காட்டியபடி, இப்படி வாசல் வைத்துத் தேர்வது மொத்த மதிப்பெண் முறையை விடச் சற்று மெதுவானது. தெரிந்தே அந்த வேகத்தை விடுகிறேன். எடைகளை நிர்ணயித்துப் பட்டியல் போட முப்பது விடைக்கோழி வைத்திருப்பவரிடம் போதிய தரவு இராது. வாசலோ ஒரு நிற அட்டையும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் நடைமுறைக்கு வந்துவிடும். மீட்கக் கடினமான பண்பைக் கீழே நழுவ விடாமல் காப்பது, மற்ற பண்புகளில் ஓராண்டு முந்துவதை விடப் பெரிது.

கடைசிப் பொறுப்பு சங்கங்களுடையது. இப்போது முட்டைப் போட்டி நடக்கும் இடங்களிலும் முட்டை தனித் தட்டில், கோழி தனிக் கூண்டில். எந்த முட்டை எந்தக் கோழியுடையது என்று கேட்பார் இல்லை. அளக்க முடியாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1911-ல் கனெக்டிகட்டின் ஸ்டோர்ஸில் தொடங்கிய முட்டைப் போட்டியில், பல ஊர்க் கோழிகளை ஒரே இடத்தில் ஓராண்டு வைத்து, கதவுக் கூடு கொண்டு முட்டை முட்டையாகக் கணக்கெடுத்தார்கள். நூறாண்டுக்கு முன்பு எண்ணிக்கைக்குச் செய்ததை இன்று நிறத்துக்கும் செய்யலாம். குறைந்தபட்சம், இலக்கமிட்ட கால் வளையத்தோடு வரும் பெட்டை தன் பதிவேட்டையும் நடுப் பருவத்து முட்டை மூன்றையும் கூடவே கொண்டுவர வேண்டும் என்று விதிக்கலாம். அப்படி விதிக்காத வரை, மரான் வகுப்பில் தரப்படும் கோப்பை கறுப்பும் செம்பும் கலந்த ஓர் அழகான கோழிக்குத் தரப்படுகிறது. அது மரான் என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.